நாலு நிமிஷம்

கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பொய் வைத்திருக்கிறேன்.
கன்டெய்னர் யார்டில் பக்கத்து மேசை மேகலைக்கு:
"எங்க தெரு டீமுடி, வேற எங்க போறது?"

எங்கள் தெரு டீம் டேங்க் ரோவர்ஸ்.
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அவர்கள் அறை.
என் சமையல்கட்டு ஜன்னலில் நின்றால்
பதினோரு கோப்பையும் தெரியும்.
தூசி தட்டவே ஒரு பையன் இருக்கிறான்.

நான் போவது கால்வாய்க்கு அந்தப் பக்கம்,
பத்தாவது தெரு யூனியனுக்கு.
கடுகு நிறச் சட்டை.
எம்.சி. ரோட்டில் விலைபோகாமல் தேங்கிய துணி,
மூன்று சலவையில் வெளிறி
வியர்க்கும்போது மட்டும் நிறம் திரும்பும்.

என்னைக் கட்டிய தணிகாசலம்
ரோவர்ஸின் பழைய லெஃப்ட் பேக்.
அவனுக்கு வேறு பொய்:
"உன்னை வெறுப்பேத்தத்தான்."

நடந்தது இது.
எனக்குப் பதினான்கு வயது.
ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு
குறுக்கே மைதானத்தில் நடந்தேன்.
மைதானம் என்றால்
டிரான்ஸ்ஃபார்மருக்கும் சாக்கடைக்கும் நடுவே
யாரோ வீடு கட்ட மறந்த இடம்.

யூனியன் அதுவரை ஆறு வாங்கியிருந்தது.
ஏழாவது என் கண்ணெதிரே போனது.
வலை கிடையாது,
பந்து நேராகச் சாக்கடையில்.
கோலி தேவசகாயம் இறங்கினான், முழங்கால் வரை.
எவனோ விசிலடித்தான்.
எடுத்த பந்தைத் தன் சட்டையால் துடைத்தான்,
தையல் தையலாக, அவசரமில்லாமல்.
உதைத்திருக்கலாம். எறிந்திருக்கலாம்.
நடுக்கோடு வரை நடந்தே போய் வைத்தான்.
"இன்னும் நாலு நிமிஷம் கீது" என்றான்,
குறிப்பாக யாரிடமும் இல்லை.

கேனின் கம்பி விரலை அறுத்தது.
கீழே வைத்தேன்.
நாலு நிமிஷத்துக்கென்று வைத்ததுதான்.
இருபத்திரண்டு வருஷமாகிறது.

"அவன் மேல ஆசையா?" என்று தணிகாசலம் ஒருமுறை கேட்டான்.
சோறு புரையேறும்வரை சிரித்தேன்.
தேவசகாயம் அடுத்த மாதமே ரோவர்ஸுக்குப் போய்விட்டான்.
ஷூ கொடுத்தார்கள்,
ஹார்பரில் வேலைக்குச் சொல்லிவைத்தார்கள்.
தப்பே இல்லை.
எனக்கு யாராவது ஷூ கொடுத்திருந்தால் நானும் போயிருப்பேன்.
காரணம் கால்வாய் தாண்டி
என் தெருவுக்கே குடிவந்துவிட்டது.
ஞாயிறு தவறாமல்
நான் அதே பாலத்தில்
எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

தம்பி ஈசாக்கு கடலுக்கப்பால் ஒரு டீம்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள் போனோடு அழுவான்.
அந்த ஊர்ப் பெயரை அவன் சொன்னால்
அந்த ஊர்க்காரனுக்கே விளங்காது.
"அவங்களுக்கு உன்னைத் தெரியுமாடா?" என்றேன்.
"பத்தாவது தெருவுக்கு உன்னைத் தெரியுமா?"

தெரியாதுதான்.
ஒருமுறை பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது.
"யக்கா, பந்து" என்றான் ஒருவன்.
இத்தனை வருஷத்தில்
எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் அதுதான்.

போன ஞாயிறு ரோவர்ஸோடு ஆட்டம்.
எதிர்க்கரையில் தணிகாசலம்,
அவன் பக்கத்தில் முன்வழுக்கையோடு
ரோவர்ஸ் கோச் தேவசகாயம்.
மூன்று பூஜ்யம்.
யூனியன் பையன் ஒருவன் வெறியில் ஓங்கி உதைத்ததில்
பந்து சாக்கடைக்குப் போனது.
யாரும் இறங்கவில்லை.
ரோவர்ஸ் பையிலிருந்து புதுப்பந்து வந்தது,
ஆட்டம் தொடர்ந்தது.
பழையது தோலுரிந்து
பால் கவர்களுக்கு நடுவே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றினேன்.
"ஏய், இன்னா பண்ற? ஆழம்டி!"
எதிர்க்கரையிலிருந்து தணிகாசலம் கத்தினான்.

ஆழம் எனக்குத் தெரியும்.
முழங்கால் வரை.